எம்எஸ் நோய்க்கு மஞ்சள், நிலவேம்பு எல்லாம் வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சி இருக்காமே, நெஜமா?

தண்டையார்பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்காகக் கேக்குறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க. 27 வயசு, மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், சுருக்கமா எம்எஸ், ஒரு நரம்பு நோய்னு சொல்லிட்டாங்க. போன வருஷம் இடது கண்ணு மங்கலாச்சு, கண்ண அசைச்சா வலிக்குதுன்னா, கண்ணாடிக் கடைல பவர் செக் பண்ணோம், கொஞ்ச நாள்ல அதுவா சரியாயிடுச்சு, அதோட விட்டுட்டோம். இந்த வருஷம் இடுப்புக்குக் கீழ மரத்துப்போய் மாடிப்படி ஏற முடியல, அப்புறம்தான் எம்ஆர்ஐ, முதுகுல நீர் எடுத்து டெஸ்ட் எல்லாம். ஸ்டீராய்டு ட்ரிப்ஸ்ல ஏத்துனாங்க, இப்போ நடக்குறா. தினமும் ரெண்டு வேளை டைமெத்தில் ஃபியூமரேட்னு ஒரு கேப்ஸ்யூல். அத போட்டா மூஞ்சி கழுத்தெல்லாம் செவந்து எரியுது, வயிறு வேற கலக்குது, அவளுக்கே அந்த மாத்திரைய பாத்தா வெறுப்பு.

வீட்ல ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க. அம்மா மஞ்சப்பால், பெரியம்மா நிலவேம்பு, மாமா நேரா ராசப்ப செட்டி தெருவுக்குப் போய் அமுக்கராப் பொடி சீந்தில் பொடின்னு பை நெறைய வாங்கிட்டு வந்துட்டாரு, மண்ணடில பழக்கமான ஹக்கீம் (யுனானி வைத்தியர்) ஒருத்தர் ஷாத்ரா கஷாயம் குடிக்கச் சொன்னாராம். இதுக்கு நடுவுல வாட்ஸப் வீடியோ ஒண்ணு, மஞ்சள்ல இருக்கற குர்குமின் எம்எஸ்ஸ நிறுத்திடுச்சு, அமெரிக்காவுல கண்டுபுடிச்சுட்டாங்க, கம்பெனிக்காரன் மறைக்கறான்னு. நான் தேடிப் பாத்தேன், அந்த பேப்பர் நெஜமாவே இருக்கு, அதான் எனக்கு இன்னும் கொழப்பம். ஆப்பிரிக்காவுல பொம்பளைங்க குடிக்கற ஏதோ டீலேர்ந்து எம்எஸ் மருந்து வருதுன்னும் ஒரு நியூஸ் பாத்தேன்.

கூரியர்ல ‘நரம்பு லேகியம்’ அனுப்பற ஆள் ஒருத்தர், நூத்துக்கு நூறு குணமாகும், ஆனா இங்கிலீஷ் மருந்த நிறுத்திட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு சொல்றாரு. இதுல எது உண்மை, எத மாத்திரையோட சேத்துக் குடுக்கலாம், எத கிட்டயே சேக்கக் கூடாது? திட்டாம சொல்லுங்க ப்ளீஸ்.

காசிமேடு காத்து:

நைனா டென்சன் ஆவாத. எங்க அண்ணிக்கு இதே மேரிதான், ஒரு நா காலைல எழுந்தா ஒரு கண்ணு தெர்ல, மஞ்சா கலரு செவப்பு கலரு எல்லாம் வெளுத்தாப்ல கீதுன்னு சொன்னாங்கோ. டாக்டராண்ட போனா அந்த ஸ்கேன் இந்த ஸ்கேன்னு துட்டு கேட்டான், நம்மாண்ட ஏது. திருவொத்தியூர் பக்கம் வைத்தியர் ஒருத்தராண்ட இட்டுனு போனோம், லேகியம் குட்த்தாரு, மூணு நாலு வாரத்துல கண்ணு பளிச்சுனு வந்துட்ச்சி. மெய்யாலுமே சொல்றேன் பா, என் கண்ணால பாத்தது. நம்ம தாத்தா பாட்டி இன்னா கேப்ஸ்யூலா போட்டாங்கோ? லேகியத்த ஒயுங்கா சாப்டச் சொல்லு, தங்கச்சி சோக்கா ஆயிடும்.

பெரம்பூர் ஃபார்மகாலஜி:

கேட்டவர் நல்லா கேட்டிருக்கார், யாரும் திட்ட மாட்டாங்க. நான் மருந்தியல் பாடம் எடுக்கற ஆளு, நரம்பு டாக்டர் கிடையாது, அத மனசுல வெச்சுட்டுப் படிங்க. கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

ஹக்கீம் சொன்ன ஷாத்ராலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா வீட்ல யாருக்கும் தெரியாத விஷயம் அதுலதான் இருக்கு. ஷாத்ராங்கறது ஃபியூமேரியா குடும்பத்துச் செடி. யுனானில ரத்தசுத்திக்கும் தோல் வியாதிக்கும் குடுப்பாங்க, ஐரோப்பாவுலயும் அதோட ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கற இன்னொரு ஃபியூமேரியாவ தோலுக்குத்தான் குடுத்தாங்க. அந்தச் செடி பேர வெச்சுதான் ஃபியூமரிக் ஆசிட்னு பேரே. 1959-ல ஜெர்மனில ஷ்வெக்கன்டீக்னு ஒரு கெமிஸ்ட், அவருக்கே சொரியாசிஸ், ஃபியூமரிக் ஆசிட் நேரா சாப்பிட்டா உடம்புல சரியா ஏறாதுங்கறதால அத எஸ்டர்ங்கற வேற கெமிக்கல் வடிவமா மாத்தி தன் மேலயே சோதிச்சுப் பாத்தாரு. ஏன் வேலை செய்யுதுன்னு அவர் சொன்ன காரணம் பின்னாடி நிக்கல, மருந்து மட்டும் நின்னுச்சு. 1994-ல ஜெர்மனில சொரியாசிஸ் மருந்தா லைசென்ஸ் ஆச்சு. அப்புறம் எம்எஸ்ல சோதிச்சாங்க, ரெண்டு பெரிய ட்ரையல், ஒவ்வொண்ணுலயும் ஆயிரத்துக்கு மேல பேஷன்ட், ரெண்டு வருஷம். வருஷத்துக்கு வர்ற ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்பத் தாக்கறது, ஒண்ணுல 53 சதவீதம், இன்னொண்ணுல 44 சதவீதம் கொறஞ்சுது. 2013-ல அமெரிக்காவுல அனுமதி. அதுதான் உங்க தங்கச்சி வெறுப்போட போடற டைமெத்தில் ஃபியூமரேட்! செடில ஆரம்பிச்ச கதைதான், ஆனா இப்போ ஃபேக்டரில தயாராகுது, டோஸ் ஒரே அளவா இருக்கு, என்ன பக்கவிளைவு வரும்னு எண்ணிப் பாத்து வெச்சிருக்காங்க. ஷாத்ரா கஷாயத்துல அந்த எஸ்டர் வராது, அதனால ‘ரெண்டும் ஒண்ணுதானே, மாத்திக்கலாம்’னு யாராவது ஆரம்பிச்சா நம்பாதீங்க. (சும்மா ஒரு கொசுறு: இதே கெமிக்கல சோபாவுல பூஞ்சை புடிக்காம இருக்கறதுக்கு சின்ன பாக்கெட்ல போட்டு வெச்சாங்க, உக்காந்தவங்களுக்கெல்லாம் தோல் வெந்து போச்சு, 2009-ல ஐரோப்பாவுல தடை பண்ணாங்க. எந்த மருந்தும் சாது கிடையாது.)

இப்போ குர்குமின். நீங்க பாத்த பேப்பர் 2002-ல வந்ததா இருக்கும், அதுல எலிக்குத்தான் குடுத்தாங்க. எலிக்கு எம்எஸ் தானா வராது. மையலின்னு நரம்பு மேல இருக்கற உறையோட புரதத்த ஊசில ஏத்தி, அதோட எதிர்ப்பு சக்திய அதோட நரம்பு மேலயே திருப்பி விடுவாங்க, ஈஏஈன்னு சொல்லுவாங்க. நெறைய எலி ஆராய்ச்சில மருந்த ஊசி போட்ட அன்னிலேர்ந்தே குடுக்க ஆரம்பிச்சுடுவாங்க, அதாவது நோய் வர்றதுக்கு முன்னாடியே. உங்க தங்கச்சிக்கு நோய் வந்தாச்சே. இந்த எலிகிட்ட பாஸ் ஆன செடிப் பொருள் லிஸ்ட் எடுத்தா ஒரு நாட்டு மருந்துக் கடையே வெக்கலாம், மஞ்சள், பச்சைத் தேயிலை, திராட்சைத் தோல், நிலவேம்பு, எல்லாமே பாஸ்.

மனுஷனுக்கு வரும்போதுதான் தெரியும் சேதி. பச்சைத் தேயிலைல இருக்கற ஈஜிசிஜிய எடுத்துக்கோங்க, எலில அருமையா இருந்துச்சு, ஜெர்மனில எம்எஸ் பேஷன்ட்டுக்கு தினம் 800 மி.கி. வரைக்கும் 18 மாசம், ஏற்கெனவே போடற ஊசியோட சேத்துக் குடுத்தாங்க. எம்ஆர்ஐல டம்மி மாத்திரைக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. இதவிட மோசமான கதை டிஎன்எஃப். வீக்கத்த கெளப்பற ஒரு பொருள் அது, அத அடக்கினா எலிக்கு நல்லாச்சு, மனுஷனுக்கு லெனர்செப்ட்னு மருந்தா குடுத்தாங்க, 1999-ல ரிசல்ட் வந்துச்சு, எம்எஸ் கூடிப் போச்சு. இன்னிக்கும் வாட்ஸப் வீடியோல ‘மஞ்சள் டிஎன்எஃப்ப கொறைக்கும், அதனால எம்எஸ்க்கு நல்லது’ன்னு அடிச்சு விடறாங்க, அந்த ஆளுக்கு இது தெரியுமான்னு எனக்கு சந்தேகம்.

மஞ்சப்பால் தாராளமா குடிக்கட்டும். மஞ்சத்தூள்ல குர்குமின் சுமாரா 3 சதவீதம்தான், அதுலயும் ரத்தத்துல ஏறறது ரொம்பக் கம்மி. நான் பயப்படறது காப்ஸ்யூல்ல விக்கற குர்குமினுக்கு. அதுல மிளகுச் சத்து பைப்பரின் சேப்பாங்க, 1998-ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல காமிச்சாங்க, பைப்பரின் சேந்தா குர்குமின் ரத்தத்துல 20 மடங்கு கிட்ட ஏறுதுன்னு. ஏறட்டுமே நல்லதுதானேன்னு தோணும். ஆனா அதே வழில மத்த மருந்தும் ஏறும், ஃபெனிடாயின் மாதிரி வலிப்பு மருந்து ஏறும்னு தெரிஞ்ச விஷயம், இந்த மாதிரி சப்ளிமென்ட்டால ஈரல் வீங்கின கேஸும் இப்போ வருது.

நிலவேம்பு பத்தி பெரியம்மாகிட்ட நல்லதாவே ஒண்ணு சொல்லலாம். அதுல இருக்கற ஆண்ட்ரோகிராஃபோலைட எலியோட நிறுத்தாம சிலி நாட்டுல மனுஷங்களுக்கே குடுத்துப் பாத்தாங்க, எம்எஸ்க்கு இன்டர்ஃபெரான்ங்கற ஊசி போட்டுட்டு இருந்தவங்களுக்குக் கூடவே நிலவேம்பு சாறு 170 மி.கி. ரெண்டு வேளை, ஒரு வருஷம். சோர்வு கொறஞ்சுது. ரிலாப்ஸ் கொறையல. ரொம்பச் சின்ன ட்ரையல். நம்ம ஊர்ல டெங்கு சீசன்ல குடுக்கற நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேந்தது, அதுல எத்தன மி.கி. இருக்கும்னு காய்ச்சற கைக்கே வெளிச்சம்.

ஆப்பிரிக்கா டீ நியூஸ் உண்மைதான், எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. காங்கோவுல பிரசவம் சீக்கிரம் ஆகறதுக்கு ஒரு செடிய கொதிக்க வெச்சுக் குடிப்பாங்க, ஓல்டென்லான்டியா அஃபினிஸ். 1960கள்ல அங்க போன நார்வே டாக்டர் லாரன்ட்ஸ் கிரான் கவனிச்சாரு. அதுல இருக்கறது புரதத் துண்டு, 29 அமினோ அமிலம், ரெண்டு முனையும் சேந்து வளையமாகி உள்ளுக்குள்ள முடிச்சு போட்டுக்கிட்டது, அதனால கொதிக்க வெச்சாலும் உடையாது, வயித்துலயும் சீக்கிரம் செரிக்காது. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்துல அதுல ஒரே ஒரு அமினோ அமிலத்த மாத்தி, வாய் வழியா குடுத்தே எலியோட எம்எஸ்ஸ அடக்கிக் காமிச்சாங்க, 2016-ல வந்துச்சு. எதிர்ப்பு சக்தி அணுக்கள்ல ஒரு வகையான டி செல் பெருகறத அது தடுக்குது. இன்னும் பேஷன்ட் வாங்கற மருந்தா வரல. நம்ம கடலோர மணல்ல மொளைக்கற இம்பூறல், அதான் துணிக்குச் சாயம் போட்ட சாயவேர், அதுவும் ஓல்டென்லான்டியாதான். இத நான் சொன்னேன்னு மாமா இம்பூறல் வாங்கக் கெளம்பிடப் போறாரு, வேற செடிங்க, வேண்டாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:

சார் ரொம்ப நன்றி, இத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மாத்திரையே செடிலேர்ந்து வந்ததுன்னதும் தங்கச்சி மூஞ்சி கொஞ்சம் மாறுச்சு. ஆனா மாமா விடல, சீந்திலும் அமுக்கராவும் எதிர்ப்பு சக்திய ஏத்தும், நோயாளிக்கு அதுதானே வேணும்ங்கறாரு. என்ன பதில் சொல்றது?

சித்தா ஹவுஸ் சர்ஜன்:

அண்ணா, நான் சித்தா படிச்சவ, அதனால எங்க ஆளுங்க மேல கல்லு விட வரல. உங்க மாமா சொல்றதுலதான் சிக்கலே இருக்கு. எம்எஸ்ல எதிர்ப்பு சக்தி கம்மியாகி நோய் வரல, அது ஆள் தெரியாம சொந்த நரம்போட உறையவே கடிச்சுட்டு இருக்கு. அத இன்னும் ஏத்தி விடறேன்னு கெளம்பினா என்ன ஆகும்னு அவரையே கேளுங்க. சீந்தில் நல்ல சரக்கு, நானே வேற நோய்க்கு எழுதறேன், ஆனா 2021-ல மும்பைல சீந்தில் சாப்பிட்டவங்க சிலருக்கு ஆட்டோஇம்யூன் மாதிரியே ஈரல் பாதிப்பு வந்துச்சுன்னு டாக்டருங்க எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் அத ஒத்துக்கல, அவங்க சாப்பிட்டது சீந்திலே இல்லாம அதே இனத்துல வேற கொடியா இருக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கற மாதிரிதான் படுது, ஆனா யோசிச்சுப் பாருங்க, எந்தக் கொடின்னே வாங்கறவருக்கும் விக்கறவருக்கும் தெரியாம பொடியாக் கட்டி விக்கறதுதானே நிலைமை? ஏற்கெனவே ஆட்டோஇம்யூன் நோய் இருக்கற பொண்ணுக்கு அந்த ரிஸ்க் எதுக்கு. அமுக்கராவும் வேண்டாம், அதுலயும் ஈரல் கேஸ் இருக்கு, தைராய்டையும் ஆட்டும்.

கூரியர் லேகியம் பத்தி கொஞ்சம் கோவமாவே சொல்றேன். லேபிள்ல சரக்கு பேரு, தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர் இல்லாத எதையும் வாயில வெக்காதீங்க. சில பேர் ஸ்டீராய்டு மாத்திரைய நுணுக்கிக் கலக்கறாங்க, சாப்பிட்ட மறுநாளே தெம்பா இருக்கும், பசி எடுக்கும், எல்லாரும் ஆகா ஓகோம்பாங்க. திடீர்னு நிறுத்தினா உடம்பு அப்படியே படுத்துடும். உலோகம் சேந்த மருந்த சரியா சுத்தி பண்ணலன்னா ஈயம் அது இதுன்னு அதுவே நரம்பக் கெடுக்கும். சித்தா பாக்கணும்னு வீட்ல ஆசைப்பட்டா அரும்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கு, தாம்பரம் சானடோரியம்ல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, நியூராலஜி ஃபைலயும் எடுத்துட்டுப் போங்க. ‘அத நிறுத்திட்டு வா’ன்னு சொல்றவர் யாரா இருந்தாலும் அங்கேர்ந்து எழுந்து வந்துடுங்க.

கொளத்தூர் மல்லி:

எனக்கே எம்எஸ், பல வருஷமா. காசிமேடு அண்ணே, உங்க அண்ணி கதைய பொய்ன்னு சொல்லல, ஆனா லேகியம் சாப்பிடலன்னாலும் அந்தக் கண்ணு வந்திருக்கும். இந்த நோயோட கொணமே அதான், ஒரு அட்டாக் வரும், சில வாரத்துல தானா எறங்கும், அந்த சமயத்துல கைல என்ன இருந்துச்சோ அதுக்குப் பேரு கெடைக்கும். எனக்கு மொத தடவ கை மரத்துப்போனப்போ எங்க ஆயா வடபழனிக்கு வேண்டிக்கிட்டாங்க, சரியாச்சு, ரெண்டாவது தடவ ஒண்ணுமே பண்ணல, அதுவும் சரியாச்சு. கண்ணு நரம்பு வீங்கினதுக்கு ஸ்டீராய்டு குடுத்து 1992-லயே பெரிய ட்ரையல் பண்ணாங்க, என் டாக்டர் சொல்லுவாரு: ட்ரிப்ஸ்ல ஏத்தினா கண்ணு சீக்கிரம் வருது அவ்ளோதான், கடைசில பார்வை எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வந்துச்சாம். இதுல கவனிக்க வேண்டியது, சாதா டோஸ் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு திரும்பத் திரும்ப கண்ணு போறது அதிகமாச்சு. சித்தா டாக்டர் சொன்ன கலப்பட லேகியத்த இதோட சேத்து யோசிச்சுப் பாருங்க.

நாம மருந்து போடறது இப்போ இருக்கற அட்டாக்குக்கு இல்ல, அடுத்தது வராம இருக்க. அதனாலதான் அது வேலை செய்யறது கண்ணுக்குத் தெரியறதில்ல, வேலை செஞ்சா ஒண்ணுமே நடக்காது! லேகியக்காரன் பக்கம் கூட்டம் போறது அதனாலதான்.

தங்கச்சிக்கு: நானும் அதே கேப்ஸ்யூல்ல இருந்தேன். வெறும் வயித்துல போடவே கூடாது, இட்லி டீ பத்தாது, கொஞ்சம் எண்ணெய், முட்டை, தயிர்னு வயிறு நெறைய சாப்பிட்டு நடுவுல போட்டா செவப்பு நல்லா கொறையும். மொத ஒண்ணு ரெண்டு மாசம்தான் இந்த ஆட்டம், அப்புறம் எனக்கு அடங்கிடுச்சு. தாங்கலன்னா டோஸ மெதுவா ஏத்தச் சொல்லி டாக்டர்கிட்டயே கேக்கட்டும், தானா நிறுத்தக் கூடாது. ரத்தத்துல லிம்ஃபோசைட்ங்கற வெள்ளை அணு எண்ணிக்கை, ஈரல் டெஸ்ட் ரெண்டும் விடாம பாக்கணும். வீட்ல ஒளிச்சு ஏதாவது கஷாயம் குடுத்தா ஈரல் டெஸ்ட் ஏறும்போது மாத்திரை மேல பழி விழுந்து நல்ல மருந்த நிறுத்திடுவாங்க, அதனால என்ன குடிக்கறான்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

அப்புறம் வெயில். மே மாசம் நம்ம பக்கம் கரன்ட் போச்சுன்னா எனக்கு கண்ணு மங்கும், காலு பின்னும். உடம்புச் சூடு ஏறினா பழைய பாதிப்பு தல தூக்கும், ஆறினதும் போயிடும், அது புது அட்டாக் கெடையாது. புதுசா ஒண்ணு வந்து, காய்ச்சல் இல்லாம, 24 மணி நேரத்துக்கு மேல நின்னாதான் ஃபோன் பண்ணணும்னு எனக்குச் சொல்லியிருக்காங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல எம்எஸ் பேரும் இருக்கு, யுடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கு அப்ளை பண்ணலாம். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் சொசைட்டிக்கு சென்னைல கிளை இருக்கு, மருந்துச் செலவு பத்தி, காப்பீடு பத்தி அங்க இருக்கறவங்ககிட்ட பேசினா பாதி பாரம் கொறையும்.

காசிமேடு காத்து:

மல்லிக்கா நீ சொல்றது கேட்டு எனுக்கு இப்போ வயித்துல புளி கரைக்குது. அண்ணிக்கு அதுக்கப்பறம் ஒரு தபா விக்கலு நிக்கவே இல்ல, நாலஞ்சு நாளு, வாந்தி வேற, அதுவா நின்னு போச்சு. இத்தும் அதுவும் ஒண்ணா? அவுங்களுக்கும் அந்த எம்ஆர்ஐ எட்க்கணுமா, எங்க போறது, துட்டு எவ்ளோ ஆவும்?

பெரம்பூர் ஃபார்மகாலஜி:

தம்பி, தள்ளிப்போடாதீங்க, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. கண்ணு போய் வந்தது, அப்புறம் நாள்கணக்குல நிக்காத விக்கல் வாந்தி, இந்த ரெண்டும் சேந்து வந்தா என்எம்ஓன்னு எம்எஸ்க்குப் பக்கத்துல இருக்கற இன்னொரு நோயையும் பாக்கணும். அது அதுவா இருந்தா அடுத்த அட்டாக்ல போற கண்ணு திரும்பாம கூடப் போகலாம், எம்எஸ்க்குக் குடுக்கற சில மருந்து அதுல கெடுதலும் பண்ணும், அதனால ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறது முக்கியம். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம், அங்க நியூராலஜி ஓபிக்குப் போங்க, இல்ல சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச். அரசு ஆஸ்பத்திரிங்கறதால ஸ்கேன் செலவு வெளியில கேட்ட மாதிரி இருக்காது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் கைல வெச்சுக்கோங்க. டாக்டர்கிட்ட கண்ணு கதை விக்கல் கதை ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க, என்எம்ஓவ கண்டுபுடிக்கற ஆக்வாபோரின்-4 ரத்த டெஸ்ட் தேவையான்னு கேளுங்க. லேகியம் டப்பா மிச்சம் இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க, ஸ்டீராய்டு கலந்திருந்தா டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியணும்.

காசிமேடு காத்து:

சரி சார். திங்கக்கெயம காலைலயே ஸ்டான்லிக்கு இட்டுனு போறேன். டப்பா கீது.